பன்மதிப்புத் தரவுத்தளம்: பிறப்பும் பிழைகளும்

முன்னுரை

கணிப்பொறியைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் அதன் ஆற்றலையே விரித்துரைக்கின்றனர். அஃது எவ்வாறு பழுதுபடுகின்றது, அப்பழுதை மாந்தர் எவ்வாறு கண்டு களைகின்றனர் என்னும் வரலாறு எழுதப்படுவது அரிது. மருத்துவ வரலாற்றில் நோய்களின் வரலாறு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது கருவிகளின் வரலாற்றில் பிழைகளின் வரலாறு.

பன்மதிப்புத் தரவுத்தளம் என்று வழங்கப்பெறும் ஒருவகை அமைப்பின் வரலாற்றை, அதில் தோன்றும் பிழைகளின் வாயிலாக ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. 1965ஆம் ஆண்டில் கருக்கொண்ட இவ்வமைப்பு, அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பயன்பாட்டிலிருந்து மறையவில்லை. அதனைப் பேணுவோர் நாள்தோறும் சந்திக்கும் இடர்ப்பாடுகளை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். அவ்விடர்களுள் மிகப் பல, அமைப்பை ஆக்கியோர் தொடக்கத்தில் தக்க காரணங்களோடு செய்த தெரிவுகளின் விளைவுகளே ஆகும். ஆதலின், தெரிவின் காரணத்தை அறிந்தவர் பழுதின் இருப்பிடத்தை விரைந்து காண்பர். அறியாதவர் பழுதைத் திருத்தப் புகுந்து அதனைப் பெருக்கிவிடுவர்.

தோற்றம்

அமெரிக்கத் தரைப்படை 1960களில் 'செயென்' என்னும் போர் ஹெலிகாப்டரை உருவாக்கத் திட்டமிட்டது. அதன் எண்ணற்ற உதிரிப்பாகங்களைக் கணக்கில் வைப்பதற்கு ஒரு தகவல் அமைப்பு வேண்டியிருந்தது. டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தில் பணியாற்றிய டான் நெல்சன், ரிச்சர்டு பிக் ஆகிய இருவரும் 1965ஆம் ஆண்டில் ஐ.பி.எம். சிஸ்டம் 360 கணிப்பொறியின்மேல் அதனை உருவாக்கினர். 'பொதுமையாக்கப்பட்ட தகவல் மீட்பு மொழி அமைப்பு' என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'கேர்ல்ஸ்' என்று அதனை அழைத்தனர்.

செயென் ஹெலிகாப்டர் போர்க்களம் காணவில்லை. பத்து மாதிரிகளே செய்யப்பட்ட நிலையில், 1972ஆம் ஆண்டில் தரைப்படை அத்திட்டத்தைக் கைவிட்டது. உதிரிப்பாகங்களை எண்ணுவதற்கெனப் பிறந்த தகவல் அமைப்போ நிலைத்துவிட்டது. 1973ஆம் ஆண்டில் மைக்ரோடேட்டா நிறுவனம் அதனை 'ரியாலிட்டி' என்னும் பெயரில் வணிக உலகிற்குக் கொணர்ந்தது. பின்னர் ரிச்சர்டு பிக் தமக்கெனத் தனி நிறுவனம் அமைத்து, கணிப்பொறி செய்வோர் பலருக்கு உரிமம் வழங்கினார். அவர் பெயரே அமைப்பின் பெயராகி, 'பிக்' என்று அது வழங்கலாயிற்று. பெரும்பொருள் செலவிட இயலாத நடுத்தர வணிகர்களும், மருத்துவமனைகளும், நூலகங்களும் இவ்வமைப்பை விரும்பி ஏற்றனர்.

பன்மதிப்பு என்பது யாது?

நூலகப் பதிவொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு நூலுக்கு ஒரு தலைப்பு உண்டு. ஆசிரியர் மூவர் இருக்கலாம். படிகள் ஐந்து இருக்கலாம். ஒவ்வொரு படிக்கும் தனி எண் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வறிஞர் எட்கர் காட் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின் வழியே வளர்ந்த உறவுமுறைத் தரவுத்தளத்தில், ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பே இடம்பெறும். எனவே, ஆசிரியர்களுக்கு ஓர் அட்டவணை, படிகளுக்கு மற்றோர் அட்டவணை எனப் பிரித்துவைத்து, வேண்டும்போது இணைத்துப் பார்த்தல் அம்முறை.

பிக் அமைப்பு அதற்கு முன்னரே வேறொரு வழியை மேற்கொண்டிருந்தது. நூலின் பதிவு ஒன்றே. அதனுள் ஆசிரியர் என்னும் புலத்தில் மூன்று மதிப்புகளும் அடுத்தடுத்து நிற்கும். புலத்திற்கும் புலத்திற்கும் இடையே ஒரு குறி. மதிப்பிற்கும் மதிப்பிற்கும் இடையே மற்றொரு குறி. மதிப்பினுள் அடங்கிய உள்மதிப்புகளுக்கு இடையே பிறிதொரு குறி. இவை முறையே 254, 253, 252 என்னும் எண்களைக் கொண்ட குறிகள். முடிவைக் காட்டுவது 255. நீளத்திற்கு முன்கூட்டியே வரம்பில்லை. எண்ணா எழுத்தா என்னும் வகைப்பாடும் இல்லை. அனைத்தும் எழுத்துத் தொடரே.

பழைய ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கமில்லை. பிரித்தறியும் பொறுப்பு படிப்போரைச் சார்ந்தது. பிக் அமைப்பில் பிரிக்கும் குறிகள் உண்டு. ஆயின் குறிகளுக்கிடையே என்ன உள்ளது என்பதை அறியும் பொறுப்பு நிரலாளரைச் சார்ந்தது. இந்நெகிழ்ச்சியே அதன் வலிமை. பின்வரும் இடர்களுட் சில இந்நெகிழ்ச்சியினின்றே பிறந்தன.

அறைகளின் கணக்கு

பணியாளர்கள் முதலில் முறையிடும் குறை, 'கணிப்பொறி மெதுவாக இயங்குகின்றது' என்பதே. அதன் காரணத்தை அறியப் பதிவுகள் கோப்பினுள் எவ்வாறு வைக்கப்படுகின்றன என்பதை அறிதல் வேண்டும்.

ஒரு கோப்பை உருவாக்கும்போதே அதனை எத்தனை குழுக்களாகப் பிரிப்பது என்று நிருவாகி ஓர் எண்ணைக் கொடுப்பார். அவ்வெண்ணிற்கு 'மாடுலோ' என்று பெயர். பதிவின் அடையாள எண்ணைக் கொண்டு, அப்பதிவு எந்தக் குழுவுக்கு உரியது என்று கணிப்பொறி கணக்கிடும். பழைய பிக் அமைப்புகளில் அக்கணக்கு எளியது. முதல் எழுத்தின் குறியெண்ணைப் பத்தால் பெருக்கி, அடுத்த எழுத்தின் குறியெண்ணைக் கூட்ட வேண்டும். அவ்வாறே இறுதி எழுத்துவரை சென்று, வரும் தொகையை மாடுலோவால் வகுக்க வேண்டும். மீதியே குழுவின் எண். அட்டவணை எதனையும் தேடாமல், ஒரே கணக்கில் பதிவின் இருப்பிடம் தெரிந்துவிடுகின்றது. நினைவகம் மிகக் குறைந்திருந்த அக்காலத்தில் இஃது ஒப்பற்ற விரைவைத் தந்தது.

ஆயின், மாடுலோவாகப் பத்தைத் தேர்ந்தெடுத்தால் என்னாகும்? 100, 110, 120 என்று சுழியத்தில் முடியும் அடையாள எண்களைக் கொண்ட பதிவுகளைக் கொள்வோம். 1 என்னும் எழுத்தின் குறியெண் 49. 0 என்பதன் குறியெண் 48. ஆகவே 100க்குரிய தொகை 5428, 110க்கு 5438, 120க்கு 5448. பத்தால் வகுத்தால் எல்லாவற்றிற்கும் மீதி 8. பத்துக் குழுக்களுள் ஒன்பது வெறுமையாய்க் கிடக்க, எல்லாப் பதிவுகளும் எட்டாம் குழுவில் நெருக்கியடித்து நிற்கும். மாடுலோவைப் பதினொன்றாக மாற்றினால் மீதிகள் முறையே 5, 4, 3 என்று பிரிந்துவிடுகின்றன. மாடுலோ பகா எண்ணாக இருத்தல் வேண்டும், குறிப்பாக இரண்டாலும் ஐந்தாலும் வகுபடலாகாது என்னும் விதி இக்காரணம் பற்றியே எழுந்தது. காரணம் அறியாது விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர், 'எண் பெரிதாக இருந்தால் போதும்' என்று எண்ணி 10,000 என்று கொடுத்துவிடுவதுண்டு.

மற்றொரு நிலையும் உண்டு. தொடங்கிய நாளில் சிறிதாக இருந்த கோப்பு ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருகும். பதினொரு குழுக்களே கொண்ட கோப்பில் 50,000 பதிவுகள் சேர்ந்துவிட்டதாகக் கொள்வோம். குழுவொன்றுக்கு நாலாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள். ஒரு பதிவைக் காண, சராசரியாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளைக் கடந்து செல்ல வேண்டும். தனக்குரிய இடம் நிறைந்தபின், குழு வட்டின் வேறிடங்களில் மிகுவழிவு ஃபிரேம்களைச் சங்கிலியாகத் தொடுத்துக்கொண்டே போகும்.

இதனை அறிதற்கு 'ஐஸ்டாட்' என்னும் கட்டளையும், வேறொரு மாடுலோவைத் தேர்ந்தெடுத்தால் நிலை எவ்வாறிருக்கும் என முன்கூட்டியே காண 'ஹேஷ்-டெஸ்ட்' என்னும் கட்டளையும் அமைந்தன. கணக்கு அரிதன்று. பதிவொன்று 200 பைட் எனில், 50,000 பதிவுகள் ஒரு கோடி பைட் ஆகும். ரியாலிட்டியின் ஃபிரேம் ஒன்று 512 பைட். அதில் தொடர்பு விவரங்களுக்குரிய 12 பைட் போக 500 பைட் தரவுக்குரியது. எனவே 20,000 ஃபிரேம்கள் தேவை. ஐந்தில் ஒரு பங்கு இடத்தை வளர்ச்சிக்கு விடின், 25,000க்கு அண்மையில் ஒரு பகா எண்ணைத் தேர்தல் தகும். பிற்காலத்தில், கோப்பு வளர வளரக் குழுக்களும் தாமே பெருகும் வகையிலான கோப்புகள் வந்து இச்சுமையைப் பெரிதும் குறைத்தன.

குலைந்த குழு

மெதுவாக இயங்குதல் தொல்லை. குழு குலைதல் பேரிடர். 'குரூப் ஃபார்மட் எரர்' என்று திரையில் தோன்றும் செய்தியைக் கண்டு கலங்காத பிக் நிருவாகி இலர்.

ரியாலிட்டி வழிவந்த பழைய அமைப்பில், குழுவினுள் ஒவ்வொரு பதிவின் முன்னும் அதன் நீளம் நான்கிலக்கப் பதினாறடிமான எண்ணாக எழுதப்பட்டிருக்கும். அந்நீளத்தைக் கொண்டே அடுத்த பதிவின் தொடக்கத்தைக் கணிப்பொறி அறியும். குழுவின் முடிவில் 255 என்னும் முடிவுக்குறி நிற்கும். நீளம் சொல்லும் இடத்தில் பதிவு முடியவில்லையெனினும், முடிவுக்குறிக்குமுன் சங்கிலி அறுபட்டுவிட்டதெனினும், குழுவின் வடிவம் குலைந்தது என்று பொருள்.

இஃது எவ்வாறு நேர்கின்றது? பிக் அமைப்பு, வட்டில் உள்ளதையும் நினைவகத்தில் உள்ளதையும் ஒன்றாகப் பாவிக்கும் மெய்நிகர் நினைவக முறையைக் கொண்டது. மாற்றிய ஃபிரேம் உடனே வட்டில் எழுதப்படாமல் நினைவகத்திலேயே சிறிது தங்கும். அவ்வேளையில் மின்சாரம் தடைப்பட்டால், சங்கிலியின் ஒரு கண்ணி புதியதாகவும் மற்றொரு கண்ணி பழையதாகவும் நின்றுவிடும். விரைவுக்காகச் செய்த தெரிவு மின்தடையின்போது விலை கேட்கின்றது.

யூனிக்ஸ் இயக்கமுறைமையின்மேல் இவ்வமைப்புகள் குடியேறிய பின்னர் வேறொரு காரணமும் சேர்ந்தது. பணியாளர்கள் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே இயக்கமுறைமையின் கட்டளையால் கோப்புகளைப் படியெடுத்தால், படியின் ஒரு பாதி முந்திய நிலையையும் மறு பாதி பிந்திய நிலையையும் காட்டும். மூலம் நன்றாகவே இருக்கும், காப்புப்படிதான் குலைந்திருக்கும். அக்குலைவு, காப்புப்படி உண்மையாகவே தேவைப்படும் நாளன்றுதான் வெளிப்படும். இதனைத் தவிர்க்கவே யூனிவெர்ஸில் 'சஸ்பெண்ட் ஃபைல்ஸ்' என்னும் கட்டளையும், யூனிடேட்டாவில் 'டிபி-பாஸ்' என்னும் கட்டளையும் எழுத்துப்பணியைச் சற்றே நிறுத்திவைக்கின்றன.

குலைவு கண்டபோது செய்யத்தக்கதும் தகாததும் உண்டு. முதற்கண், அக்கோப்பில் எவரும் எழுதாதவாறு தடுத்தல் வேண்டும். குலைந்த குழுவில் மேலும் எழுதினால், நல்ல பதிவுகளும் அழியக்கூடும். அடுத்து, குலைந்த நிலையிலேயே ஒரு படி எடுத்தல் வேண்டும்; திருத்தம் தவறினால் திரும்பிவர அதுவே வழி. அதன்பின்னரே திருத்தும் கருவியை இயக்கலாம். அக்கருவிகளுட் பல குழுவின் வடிவத்தை மீட்டுத் தருமேயன்றி, இழந்த பதிவுகளை மீட்டுத் தருவதில்லை. 'பிழை நீங்கிற்று' என்னும் செய்தியோடு மனநிறைவடைந்து, காணாமற்போன பதிவுகளைக் காப்புப்படியோடு ஒப்பிட்டு அறியாது விடுவோர், பின்னர் இரவலர் ஒருவரின் கணக்கோ நோயாளி ஒருவரின் குறிப்போ இல்லையென்று அறியும்போது வருந்த நேரிடும்.

நிரலில் நேரும் வழுக்கள்

பிக் அமைப்பின் நிரல்மொழி பேசிக்கின் விரிவாக்கம். மாறிகளுக்கு வகை கிடையாது. 'பத்து' என்று எண்ண வேண்டிய இடத்தில் எழுத்துகள் வந்துவிட்டால், கணிப்பொறி ஓர் எச்சரிக்கை காட்டும்: எண் அல்லாதது வந்தது, சுழியம் பயன்படுத்தப்பட்டது என்பது அதன் பொருள். மதிப்பளிக்கப்படாத மாறியைப் பயன்படுத்தினாலும் அவ்வாறே. எச்சரித்துவிட்டு நிரல் தொடர்ந்து ஓடும்.

வணிகம் தடைப்படலாகாது என்னும் நல்லெண்ணத்தால் எழுந்த ஏற்பாடு இது. ஆயின், திரையில் தோன்றிய எச்சரிக்கை அடுத்த நொடியில் மேலேறி மறைந்துவிட, விலைப்பட்டியலில் ஒரு பொருளின் விலை சுழியமாகிவிடும். நிரல் நின்றிருந்தால் ஒருவர் அழைக்கப்பட்டிருப்பார். ஓடிக்கொண்டேயிருந்தமையால் ஒருவரும் அழைக்கப்படவில்லை. மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவராதபோதுதான் தேடல் தொடங்கும். அறிந்த நிரலாளர், உள்ளே வரும் மதிப்பு எண்தானா என்று வாயிலிலேயே சோதித்துவிடுவர்.

பன்மதிப்புக்கே உரிய வழு ஒன்று உண்டு. ஒரு விலைப்பட்டியலின் ஐந்தாம் புலத்தில் பொருள்களின் குறிகளும், ஆறாம் புலத்தில் அவற்றின் அளவுகளும் இணையிணையாக நிற்கின்றன எனக் கொள்வோம். முதற்பொருளுக்கு முதல் அளவு, இரண்டாம் பொருளுக்கு இரண்டாம் அளவு. வாங்குபவர் இரண்டாம் பொருளை வேண்டாமென்கின்றார். நிரல் ஐந்தாம் புலத்தில் இரண்டாம் மதிப்பை நீக்கிவிட்டு, ஆறாம் புலத்தில் நீக்க மறந்துவிட்டால், அதன்பின் வரும் பொருள்கள் யாவும் ஒருபடி முன்னேறி, பிறிதொன்றின் அளவைப் பெற்றுவிடும். கணிப்பொறி எவ்வித எச்சரிக்கையும் தராது. இவ்விரு புலங்களும் இணைந்தவை என்று அதற்கு எவரும் கட்டாயமாக்கிச் சொல்லவில்லை. அகராதிக் கோப்பில் அத்தொடர்பைக் குறித்துவைக்க இயலும். ஆயின் அக்குறிப்பு அறிக்கைகளை அச்சிடும்போது பயன்படுமேயன்றி, நிரலின் கையைப் பிடித்துத் தடுக்காது. இணைப்புலங்களை மாற்றும் செயலை ஒரே துணைநிரலில் வைத்து, எல்லா நிரல்களும் அதனையே அழைக்குமாறு செய்வதே இதற்குத் தக்க மருந்து.

பூட்டும் காத்திருப்பும்

இருவர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தினால், பின்னர் எழுதியவரின் திருத்தம் நிற்க, முன்னவரின் திருத்தம் மறையும். இதனைத் தடுக்க, திருத்துவதற்காகப் பதிவைப் படிக்கும்போதே பூட்டிவிடும் கட்டளை அமைந்தது. எழுதி முடித்தவுடன் பூட்டு விலகும்.

பணியாளர் ஒருவர் பதிவைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றால், அப்பதிவை நாடும் பிற முனையங்கள் யாவும் அசையாது நிற்கும். 'இயந்திரம் நின்றுவிட்டது' என்பர். உண்மையில் இயந்திரம் வரிசையில் நிற்கின்றது. நிருவாகி பூட்டுகளின் பட்டியலைக் கண்டு, எந்த முனையம் பிடித்துவைத்துள்ளது என்று அறியலாம். பூட்டை வலிந்து உடைக்கும் கட்டளையும் உண்டு. அதனை எளிதிற் கையாளுதல் ஆகாது. பூட்டை இழந்த நிரல் தன்னிடம் உள்ள பழைய படியோடு இன்னும் காத்திருக்கின்றது. பணியாளர் திரும்பிவந்து பொத்தானை அழுத்தினால், இடையில் பிறர் செய்த திருத்தத்தின்மேல் அப்பழைய படி எழுதப்பட்டுவிடும்.

தொடக்கக்கால அமைப்புகள் சிலவற்றில் பூட்டு தனிப்பதிவுக்கு அன்றி, அப்பதிவு இருந்த குழு முழுமைக்கும் உரியதாயிற்று. ஆகவே தொடர்பில்லாத பதிவுகளும் ஒன்றற்காக ஒன்று காத்திருந்தன. மாடுலோ பிழையாக இருந்த கோப்பில் இக்காத்திருப்பு பன்மடங்காயிற்று. ஓரிடத்தில் நோயும் மற்றோரிடத்தில் அறிகுறியும் தோன்றுதல் மனித உடலுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று.

பத்தாயிரமாவது நாள்

பிக் அமைப்பில் தேதி என்பது ஒரு நாளெண். 1967 டிசம்பர் 31 சுழியமாவது நாள். 1968 ஜனவரி 1 முதலாம் நாள். அதற்கு முற்பட்டவை குறையெண்கள். மலாயா விடுதலை பெற்ற 1957 ஆகஸ்ட் 31, இக்கணக்கில் குறை 3774 ஆகும். இரு தேதிகளுக்கு இடைப்பட்ட நாள்களை அறிய வெறும் கழித்தல் போதும். இரவல் நூலுக்குத் தவணை குறிக்கும் நூலகத்திற்கு இதனினும் எளிய முறை வேண்டுவதில்லை.

1995 மே 18 அன்று இவ்வெண் 10,000 ஆயிற்று. நான்கிலக்கம் ஐந்திலக்கமான அந்நாளில், முறையாக எழுதப்பட்ட நிரல்களுக்கு யாதொரு தீங்கும் இல்லை. ஆயின், அகராதிக் கோப்பில் தேதிப் புலத்தை வலப்பக்கம் ஒழுங்குசெய்து குறிக்காமல் இடப்பக்கம் ஒழுங்குசெய்து குறித்திருந்த இடங்களில் இடர் நேர்ந்தது. வலப்பக்கம் எனில் எண்ணாக வரிசைப்படுத்தும்; இடப்பக்கம் எனில் எழுத்தாக வரிசைப்படுத்தும். எழுத்து வரிசையில் 10000 என்பது 1000க்கு அடுத்தும் 1001க்கு முன்னும் வரும். ஆகவே 1995 மே 18ஆம் நாளின் பதிவு, 1970 செப்டம்பர் 26ஆம் நாளின் பதிவுக்கு அடுத்தபடியாக அச்சாகும். ஒற்றை எழுத்துத் தவறு பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து ஒருநாள் விழித்துக்கொண்டது. நாளெண்ணுக்கு நான்கிலக்க இடமே ஒதுக்கியிருந்த நிரல்களுக்கும் அவ்வாறே கேடு விளைந்தது.

உலகம் 2000ஆம் ஆண்டை அஞ்சியபோது, நாளெண்ணால் கணக்கிட்ட பிக் அமைப்பின் உள்ளகம் அசையவில்லை. இரண்டிலக்க ஆண்டைத் தட்டெழுதும் பழக்கமே அங்கு இடராக எஞ்சியது. இவ்வகை அமைப்புகள் பலவற்றில் 00 முதல் 29 வரை 2000களாகவும், 30 முதல் 99 வரை 1900களாகவும் கொள்ளப்படுவது வழக்கம். எல்லையை மாற்றாது விட்டால், 2030இல் முடியும் ஒப்பந்தத்துக்கு '30' என்று தட்டியவர் 1930ஐப் பதிவு செய்தவராவார்.

குறிகளும் மொழிகளும்

தொடக்கத்திற் கூறிய நான்கு குறிகளுக்கு 252 முதல் 255 வரையுள்ள எண்களைத் தேர்ந்த காலத்தில், ஆங்கில எழுத்துகள் யாவும் 127க்குள் அடங்கியிருந்தன. மேலிடம் வெறுமையாக இருந்தது. அங்கே குறிகளை வைத்தனர். பின்னர் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு எட்டு பிட் குறியீடு வந்தபோது, தலையில் இரட்டைப்புள்ளி ஏற்ற ஜெர்மானிய உகர எழுத்துக்கு 252ஆம் இடமும், ஐஸ்லாந்து மொழியின் 'தோர்ன்' எழுத்துக்கு 254ஆம் இடமும் கிடைத்தன. ஆகவே, அக்குறியீட்டில் எழுதிய ஒரு ஜெர்மானியரின் பெயர் பிக் அமைப்பினுள் நுழைந்தவுடன் இரு கூறாகப் பிளவுற்றது. ஐஸ்லாந்துக்காரரின் பெயர் இரு புலங்களாகிப் பின்வரும் புலங்கள் அனைத்தையும் ஓரிடம் தள்ளிவிட்டது.

தமிழுக்கு என்ன நேரும் என்பது நமக்குரிய வினா. ஒருங்குறிக்கு முற்பட்ட எட்டு பிட் தமிழ் எழுத்துருக்கள் 128க்கு மேற்பட்ட இடங்களைத் தமிழெழுத்துகளுக்குப் பயன்படுத்தின. அவற்றுள் எந்த எழுத்துரு 252 முதல் 255 வரையிலான இடங்களில் எழுத்தை வைத்ததோ, அதற்கு ஜெர்மானியப் பெயருக்கு நேர்ந்த கதியே நேரும். ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 வடிவத்தில் நிலை வேறு. அவ்வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் கொண்டது. முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128க்கும் 191க்கும் இடைப்பட்டது. நான்கு குறிகளுள் எதனோடும் மோதல் இல்லை. எனவே தமிழ் நூற்பெயர் பிளவுபடாது உட்சென்று வெளிவரும்.

ஆயினும் நீளக்கணக்கில் விழிப்பு வேண்டும். 'அம்மா' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் எனக் குறிகள் ஐந்து. பைட் கணக்கில் பதினைந்து. பைட்டை எண்ணும் நிரல், பத்து இடங்களே உள்ள கட்டத்தில் அச்சொல்லை அடக்க முயன்றால், நான்காம் குறியின் முதல் பைட்டோடு வெட்டிவிடும். எஞ்சும் அரைக்குறி படிக்க இயலாததாகித் திரையில் வினாக்குறியோ கட்டமோ தோன்றும். 'இவ்வமைப்பு தமிழை ஏற்காது' என்று முடிவுகட்டுமுன், எண்ணும் முறையை ஆராய்தல் நன்று.

முடிவுரை

ரிச்சர்டு பிக் 1994ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த வழியில் யூனிவெர்ஸ், யூனிடேட்டா, ஜேபேஸ் முதலிய அமைப்புகள் கிளைத்தன. யூனிவெர்ஸும் யூனிடேட்டாவும் 1998இல் ஆர்டென்ட் நிறுவனத்தின்கீழ் ஒன்றிணைந்து, 2000இல் இன்ஃபார்மிக்ஸுக்கும், 2001இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்கும், 2009இல் ராக்கெட் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கும் கைமாறின. ஒரே பணிக்குரிய கட்டளை ஒவ்வொரு கிளையிலும் வெவ்வேறு பெயர் பெற்றது. ரியாலிட்டியில் 'இங்கிலீஷ்' என்று வழங்கிய வினவுமொழி, பிக்கில் 'ஆக்சஸ்', பிரைம் நிறுவனத்தின் அமைப்பில் 'இன்ஃபார்ம்', யூனிவெர்ஸில் 'ரெட்ரீவ்' என்றாயிற்று. ஓரமைப்பின் திருத்தக் கட்டளையை மற்றோர் அமைப்பில் தேடி அலைவோர் முதலில் அறியத்தக்கது இவ்வுறவுமுறையே.

ஒரு பதிவினுள் பல மதிப்புகளை அடக்கும் எண்ணத்தைப் பழமையென்று ஒதுக்கியோர் பலர். அடுக்கடுக்கான விவரங்களை ஒரே ஆவணமாக வைக்கும் தரவுத்தளங்கள் 2000களுக்குப் பின் புதுப்பெயரோடு பரவியபோது, அவ்வெண்ணம் மீண்டும் அரங்கேறியது. வகைப்பாடின்மையும், இணைப்பட்டியல் பிறழ்தலும், பதிவு மிதமிஞ்சிப் பெருத்தலும் அவற்றோடு உடன்வந்தன. பழைய பிழைகளை அறிந்தவர்க்கு அவை புதியன ஆகா.

பழுதுகளைத் திருத்துவோருடைய அறிவில் ஒரு பகுதியே கையேடுகளில் உள்ளது. மாடுலோ ஏன் பகா எண்ணாதல் வேண்டும், குலைந்த குழுவில் ஏன் எழுதலாகாது, பூட்டை ஏன் உடைக்கலாகாது என்பன ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டறிந்து வந்தவை. அவர்கள் பணியோய்வு பெறும்போது அவ்வறிவும் உடன்சென்றுவிட்டால், பிறரின் கடன்கணக்கும், மருத்துவக் குறிப்பும், நூலகப் பட்டியலும் காப்பாரின்றி நிற்கும். கணிப்பொறி கற்பிக்கும் ஆசிரியர்கள் கட்டளைகளோடு அவற்றின் காரணங்களையும் கற்பித்தல் வேண்டும். மாணவர்களும், திரையில் ஒரு பிழைச்செய்தி தோன்றும்போது 'இதனை எவ்வாறு நீக்குவது?' என்று வினவுமுன், 'இஃது எத்தெரிவினின்று வந்தது?' என்று வினவிப் பழகுதல் நலம். அவ்வினாவிற்கு விடை கண்டபின், நீக்கும் வழி பெரும்பாலும் தானே தெரிய வரும்.